மேளத்துக்குள் இருந்த காலடி

கரிநாள் அன்று பொழுது சாய்ந்ததும் மந்தையில் தண்ணீர் தெளித்தார்கள். புழுதி அடங்கினால்தான் ஆடுகிறவனின் காலடி தெரியும். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் மாட்டுப் பொங்கலுக்கு எருது விடுவார்கள். மறுநாள் கரிநாளுக்கு மாரியம்மன் கோயில் முன்னால் சிலம்பக் கோல் எடுப்பார்கள். நடுவில் 30 வருடத்துக்கு மேல் இது நின்றுபோயிருந்தது. வாத்தியார் காலமானார், பையன்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள், கற்றுக்கொடு என்று கேட்க ஆளில்லை. மறுபடி தொடங்கி நாலைந்து வருடம்தான் ஆகிறது. ஓசூரில் ஆலை வேலை முடித்து ஊர் திரும்பிய நான், இந்தத் தையில்தான் முதல் சலாமிலிருந்து கடைசிக் கோல் வரை உட்கார்ந்து பார்த்தேன்.

ஓரமாக வைக்கோலைக் கொளுத்தித் தப்பட்டைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் இறுகி முதல் அடி விழுந்ததும் இரண்டு பேர் களத்தில் இறங்கினார்கள். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கோயிலுக்கு ஒரு சலாம், சபைக்கு ஒரு சலாம், எதிராளிக்கு ஒரு சலாம். கல்மூங்கில் கோல், நிமிர்ந்து நின்றால் புருவத்தைத் தொடும் உயரம். நுனியில் குங்குமம் குழைத்துத் தடவியிருந்தது. பட்ட இடத்தில் பொட்டு விழும். வேகம் கூடக் கூடக் கோல் கண்ணுக்குத் தெரிவதில்லை, காற்றைக் கிழிக்கிற சத்தம்தான் கேட்கிறது. அந்த வேகத்தில் வந்த கோல் ஒருவன் காதோரம் வந்து அப்படியே நின்றது. மந்தையே எழுந்து நின்று கத்தியது. அடித்திருந்தால் அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

அண்ணாந்து பார்த்தேன். தை மாத இரவு எட்டு மணி. கார்த்திகை மீன்கள் நேர் உச்சியில் கொத்தாக நின்றன. சில மாதங்களாக ஹவாய்த் தீவுகளைப் பற்றிப் படித்து வந்ததால் அந்த மீன்களைப் பார்த்ததும் அங்கேதான் நினைவு போனது. அந்த மக்கள் இவற்றை மகலீ என்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் இவை கிழக்கே எழுவதைப் பார்த்து அவர்களுடைய மகாஹிகி காலம் தொடங்கும். நமக்குக் கார்த்திகை தீபத்தன்று முழுநிலவோடு சேர்ந்து அந்தியில் எழுவதும் இதே மீன்கள்தாம். பசிபிக் கடலின் நடுவில் இருக்கும் ஒரு தீவுக் கூட்டமும் நாமும் ஒரே மீனைப் பார்த்து நாள் குறித்திருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய செய்தி.

மகாஹிகி ஏறத்தாழ நான்கு மாதம் நீடிக்கும். மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய லோனோ தெய்வத்தின் காலம் அது. அந்த நாட்களில் போர் செய்யக் கூடாது. மீற முடியாத விலக்கு. ஆனால் போர் செய்யத் தெரிந்த கைகள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகக் கூடிக் குத்துச்சண்டை போட்டார்கள், மல்யுத்தம் செய்தார்கள். கரைக்கு வந்து இறங்கும் தலைவன் மேல் ஈட்டி எறிவார்கள். அதை அவன் தடுத்துக் காட்டுவது காலத்தின் முடிவில் நடக்கும் சடங்கு. 1793-ல் அங்கே போன ஆங்கிலக் கப்பல் தலைவர் வான்கூவர், விளையாட்டுப் போர் ஒன்றில் மன்னர் கமேகமேகாவைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய ஒரே நொடியில் வந்த ஆறு ஈட்டிகளில் மூன்றைப் பறக்கும்போதே ஒரு கையால் பிடித்தார், இரண்டை மறுகை ஈட்டியால் தட்டி முறித்தார், ஒன்றுக்கு உடம்பை லேசாகச் சாய்த்து வழிவிட்டார். அந்தக் கணக்கை நான் பலமுறை படித்துவிட்டேன். கோல் பிடித்தவர்களுக்கு அந்தச் சாய்வு புரியும்.

அந்த மக்களின் சண்டைக் கலைக்கு லுவா என்று பெயர். மூட்டைப் பிடித்து முறிக்கிற, எலும்பை விலக்குகிற கடுமையான வித்தை. 1819-ல் பழைய விலக்கு முறைகள் கைவிடப்பட்டன. மகாஹிகியும் அவற்றோடு போயிற்று. மறு வருடம் பாதிரிமார்கள் வந்தார்கள். 1830-ல் ஹூலா நடனத்தைப் பொது இடத்தில் ஆடவே தடை வந்தது. லுவா ஒரு சில குடும்பங்களுக்குள் ஒடுங்கியது. அதன் அடிகளும் தடுப்புகளும் ஹூலாவின் அசைவுகளுக்குள் பத்திரமாக இருந்தன என்கிறார்கள் இன்று அதைக் கற்பிக்கிறவர்கள். 1883-ல் மன்னர் கலாகௌவா தம் முடிசூட்டு விழாவில் ஹூலாவை மறுபடி சபையேற்றினார். லுவாவுக்கு இன்னும் நெடுநாள் ஆனது. 1970-களில் சார்லஸ் கென் என்ற பெரியவர் ஒரு சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்; அவர்கள் வழியாகத்தான் இன்று அது பலரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நடனத்துக்குள் ஒரு சண்டை வித்தை எப்படி ஒளிந்திருக்க முடியும் என்று படிக்கும்போது எனக்கு விளங்கவில்லை. எங்கள் மந்தையில் விளங்கியது.

1968-ல் எனக்குப் 12 வயது. கோயில் பின்புறத்தில் வாத்தியார் எங்களுக்குக் கோல் சொல்லிக்கொடுப்பார். வெற்றிலை பாக்கோடு தட்சிணை வைத்துக் காலில் விழுந்தால் சேர்த்துக்கொள்வார். எல்லாரையும் அல்ல. என்னைவிட ஓரிரண்டு வயது மூத்த பையன் ஒருவன் அவன் அப்பாவோடு தப்பட்டை அடிக்க வருவான். விடிய விடிய எங்கள் காலுக்கு அடி கொடுத்தவன் அவன். அவன் கையில் ஒருநாளும் கோல் தரப்படவில்லை. தெரு வேறு என்பதுதான் காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. என்னை 'சின்னவரே' என்று கூப்பிடுவான். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இன்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆட்டத்தை மறுபடி தொடங்கியபோது தருமபுரியிலிருந்து ஒரு இளம் பயிற்சியாளரை அழைத்தார்கள். நல்ல பையன், முறையாகக் கற்றவன். ஆனால் எங்கள் ஊர் வரிசை அவனுக்குத் தெரியாது. வாத்தியாரிடம் கற்ற எங்களுக்கும் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. முதல் நான்கு அடி வரும், ஐந்தாவதில் கால் தவிக்கும். அப்போது தப்பட்டைக்கு அமர்ந்திருந்த அவர் (அன்று தப்பட்டை அடித்த அந்தப் பையன்தான், இப்போது பேரன் பேத்தி எடுத்தவர்) சொன்னாராம்: "ஏம்ப்பா, அந்த அடிக்கு இடது காலு பின்னால போகணும். வாத்தியார் அங்கதான் திரும்புவாரு."

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவர் தொடையில் தட்டிக்கொண்டே சொல்ல, பயிற்சியாளர் ஆடிப் பார்த்தார். ஆடுகிறவனின் காலைப் பார்த்துத்தான் மேளக்காரர் அடியை மாற்றுவார். அத்தனை வருடம் காலைப் பார்த்தவரின் கையில் அத்தனை வரிசையும் இருந்தது. கோல் பிடித்த நாங்கள் தொலைத்துவிட்டோம், பிடிக்க விடப்படாதவரிடம் அது மிச்சமிருந்தது.

இந்தக் கரிநாளில் கடைசியாகக் களத்தில் இறங்கியது அவருடைய பேத்தி. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். எதிரில் எங்கள் தெருப் பையன். பாட்டன் தப்பட்டையை எடுத்தார். அவள் ஐந்தாவது அடியில் இடது காலைப் பின்னால் வைத்துத் திரும்பினாள். பையனின் தோளில் குங்குமப் பொட்டு விழுந்தது. அவன் கோலைத் தாழ்த்தி அவளுக்குச் சலாம் வைத்தான்.

இது அதியமானின் மண். அவருக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த பளபளப்பான ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, தன் மன்னனின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் இருக்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் வாள் ஓங்கி நிற்கும் வீரர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கற்களைக் காப்பது நல்லது. அதைவிட, கோல்கள் நுனி பிளந்து கிடக்கும் மந்தை ஒன்று ஊருக்கு ஊர் வேண்டும்.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம்தான். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகளுக்குப் பதக்கமும் வேலையும் கிடைக்கட்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவாக வகுத்த போட்டி வரிசையில் எங்கள் ஊர் ஐந்தாவது அடி இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும்.

உங்கள் ஊரில் பம்பையோ தப்பட்டையோ அடிக்கும் பெரியவர் இருந்தால், திண்ணையில் உட்காரவைத்துக் கேளுங்கள், எந்த அடிக்கு எந்தக் கால் என்று. அடுத்த தை வரை தள்ளிப் போடாதீர்கள். எங்கள் ஊர்க்காரருக்கு 71 வயதாகிறது.