கருங்கல்லுக்கு எத்தனை வினாடி

நார்த்தாமலையில் விஜயாலய சோழீசுவரத்துக்கு எதிரே, மேலமலைப் பாறையைக் குடைந்து ஒரு கோயில் செய்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சமணர்குடகு என்கிறார்கள். கல்வெட்டில் அதன் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். முன்மண்டபச் சுவரில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நிலை. வெயிலில் பாறை ஏறி வந்து உள்ளே நுழைந்ததும் எதுவும் தெரியாது. சற்று நின்றால் முதலில் ஒரு தோள் தெரியும், பிறகு கிரீடத்தின் விளிம்பு, அதன்பின் சங்கு, சக்கரம். கண் இருட்டுக்குப் பழகிக்கொள்கிறது. பிலிம் பழகாது. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோமோ அவ்வளவுதான் அது பார்க்கும், அந்த நேரத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லத் தெரிந்த ஒருவரோடு அங்கே போயிருந்தேன். புதுக்கோட்டையில் பல காலம் ஸ்டுடியோ நடத்தியவர். கடையை மூடிய பிறகும் வீட்டுக் குளியலறையை ராத்திரியில் டார்க் ரூமாக்கிக்கொண்டு கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்றார். அவரிடம் ஒரு பழைய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா, கனமான ஸ்டாண்டு, கேபிள் ரிலீஸ், கைக்கு அடக்கமான ஒரு மீட்டர். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், ஸ்டாண்டு நிறுத்த முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். ஃபிளாஷ் கொண்டுவரவில்லை. எதிரே இருந்து வெளிச்சத்தை அடித்தால் புடைப்புச் சிற்பம் சுவரோடு ஒட்டிப்போய்விடும். உளி தோண்டிய ஆழத்தைக் காட்டுவதே அதன் நிழல்தான்.

குகை வாசல் கிழக்கே பார்த்தது. காலையில் போனால் நல்ல வெளிச்சம் கிடைக்குமே என்று கேட்டேன். "காலையில வெயில் நேரா உள்ள விழும் தம்பி. ஒரு பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடும், பக்கத்துலயே கிணறு மாதிரி இருட்டு. மதியத்துக்கு மேல வெளிய பாறையில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மட்டும் உள்ள வரும். அதுதான் நமக்கு வேணும்." அவர் சொன்னபடியே இருந்தது. வெறும் பாறைத் தரையில் பட்ட வெயில் தாழ்வாக உள்ளே நுழைந்து, சிற்பங்களின் முகவாயிலும் மூக்கின் அடியிலும் மெல்லப் படர்ந்திருந்தது.

கேமராவை நிறுத்தியதும் அவர் அளவெடுக்கத் தொடங்கவில்லை. ஒரு திருமாலின் முன்னால் நின்று எங்கே கறுப்பு இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் கல்லின் சொரசொரப்பு தெரிய வேண்டும் என்றார். அதற்குப் பின்னால் தூணோரத்து மூலை முழுக்கக் கறுத்துப் போகட்டும், கவலையில்லை.

அப்புறம்தான் மீட்டர். அதைப் பள்ளத்துக்குப் பக்கத்தில், தன் நிழல் விழாதபடி உடம்பை ஒதுக்கிக்கொண்டு பிடித்தார். 400 ஏஎஸ்ஏ பிலிமுக்கு, எஃப் 22-இல் 30 வினாடி என்றது. வெளிச்சம் பட்ட தோளருகே பிடித்தபோது 2 வினாடி. ஒரே சிலையில் இரண்டு இடங்களுக்கு நடுவே நான்கு ஸ்டாப் வித்தியாசம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. வெளியே வெயிலில் இதே பிலிமுக்கு எஃப் 16-இல் 1/400 வினாடி போதும். ஆகவே குகை வாசலையும் சிலையையும் ஒரே படத்தில் பிடிக்க நினைத்தால் ஏதாவது ஒன்றை இழந்தாக வேண்டும். அவர் வாசல் தெரியாதபடி கேமராவைத் திருப்பிவிட்டார்.

30 வினாடி என்று மீட்டர் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. "மீட்டருக்குக் கருங்கல்லும் தெரியாது, வெள்ளை வேட்டியும் தெரியாது. எதைக் காட்டுனாலும் சாம்பல்னு நெனச்சுத்தான் கணக்குச் சொல்லும்." இந்த வகை மீட்டர்கள் எல்லாமே அப்படித்தான் அளவமைக்கப்பட்டவை, எதிரே இருப்பது விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்பது அவற்றின் அனுமானம். நிழலைக் காட்டி அது சொன்ன நேரத்தைக் கொடுத்தால் நிழலும் சாம்பலாகிவிடும், குகை குகையாக இருக்காது. நிழல் நிழலாகவும் இருக்க வேண்டும், அதற்குள் விவரமும் தெரிய வேண்டும் என்றால் இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டும். 30 வினாடி இப்படித்தான் 8 ஆனது. அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் இதை மண்டல முறை என்று வகுத்துச் சொன்னார்கள். இவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. வேலை கற்றுக்கொடுத்தவர் "நெழலைப் பார்த்து எடு, ரெண்டு குறை" என்று சொன்னதை இன்றைக்கும் வைத்திருக்கிறார்.

கணக்கு அதோடு முடியவில்லை. 8 வினாடி கொடுத்தால் படம் அண்டர் ஆகிவிடும் என்றார். பிலிமில் இருக்கும் வெள்ளி உப்புத் துகள் ஒவ்வொன்றிலும் சில ஒளித்துகள்களாவது அடுத்தடுத்து வந்து விழுந்தால்தான் பதிவு நிலைக்கும். மங்கலில் அவை விட்டு விட்டு வருவதால், முதலில் விழுந்ததன் விளைவு அடுத்தது வருவதற்குள் கலைந்துவிடுகிறது. அதனால் நேரம் நீள நீள பிலிமின் வேகம் குறைகிறது. நட்சத்திரங்களைப் படமெடுக்கும்போது இதை அளந்து பார்த்தவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்டு. பின்னாளில் கருந்துளைக் கணிதத்தில் பெயர் பெற்ற அதே வானியலாளர். நாங்கள் போட்டிருந்தது இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். அந்தக் கம்பெனி தரும் கணக்குப்படி மீட்டர் சொல்லும் வினாடியை 1.31 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். 8 வினாடி 15 ஆகும். 30 வினாடியாக இருந்திருந்தால் 86. நான் போனில் கணக்குப் போட்டுச் சொல்வதற்குள் அவர் "பதினஞ்சு" என்று சொல்லி கேபிளை அழுத்திவிட்டார். ஷட்டர் பி-யில் திறந்திருக்க, வாய்க்குள் எண்ணினார். எண்ணி முடிக்கும்வரை யாரும் காலை நகர்த்தவில்லை. அடுத்து அதே படத்தை 30 வினாடியில் ஒன்று எடுத்தார், கைக்காவலுக்கு.

இந்த எண்ணிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இறங்கும்போது கேட்டேன். கோயிலில் இல்லை, இழவு வீட்டில் என்றார்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு காலத்தில் அது வழக்கமான வேலை. செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு ஒரு படம், பாடையில் கிடத்திச் சொந்தங்கள் சுற்றி நிற்க இன்னொரு படம். பல குடும்பங்களில் அந்த மனிதருக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். அவர் வேலை கற்ற நாளில் மின்சாரம் வராத ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் நிறைய. மீட்டர் வைத்திருந்தவர் முதலாளி ஒருவர்தான். வாசல் வழியாக வரும் வெளிச்சத்தில், நாலு எண்ணு, எட்டு எண்ணு என்று கொடுப்பார்களாம். உடம்பின் மேல் போர்த்திய புது வேட்டிதான் சோதனை. அதைப் பார்த்து நேரம் வைத்தால் முகம் கறுத்துப்போகும். முகத்தைப் பார்த்து வைத்தால் வேட்டி வெளுத்துப்போகும். "வேட்டி போனா போகுது தம்பி. மக நாளைக்குப் பார்க்கப்போறது அப்பன் மூஞ்சியை." சுற்றி நின்றவர்கள் அழுது அசைந்திருப்பார்கள், படத்தில் அவர்கள் கலங்கலாகவும், இறந்தவர் மட்டும் துல்லியமாகவும் விழுந்திருப்பார். அப்படி ஒரு படத்தை என்னிடம் எடுத்துக் காட்டினார். சுவரோரம் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு முகங்கள் இருந்தன.

இந்த மாவட்டத்துப் பாறைகளுக்கு கேமரா வந்தது நேற்றல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் தெற்கே சுற்றிவந்து எடுத்தவற்றில் புதுக்கோட்டைப் படங்கள் 1858-இல் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ்கள். அந்தக் காகிதத்தின் வேகத்துக்கு நல்ல வெயிலிலேயே நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். கையில் மீட்டர் கிடையாது. அவருடைய படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் பெயரோடு பத்திரமாக இருக்கின்றன, அது நியாயம். அதே அளவு கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு இழவு வீட்டு இருட்டில் நின்றவர்களின் பெயர், படத்து அட்டைக்குப் பின்னால் அடித்த கடை முத்திரையோடு சரி. அதுவும் முதலாளியின் பெயர்.

படம் கழுவ அவர் வீட்டுக்குப் போனோம். டி-76 டெவலப்பரை இன்னும் மருந்தாக வாங்கித்தான் கலக்குகிறார்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 1920-களில் கோடாக் கொடுத்த விகிதம். 20 டிகிரியில் எச்பி5-க்கு ஏழரை நிமிடம். ஆனால் புதுக்கோட்டையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறைவதில்லை. அந்தச் சூட்டில் டெவலப்பர் முந்திக்கொள்ளும், வெளிச்சமான இடங்கள் அடைத்துப்போகும், ஜெலட்டினும் இளகும். அவருடைய மனைவி ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் கட்டி டேங்கைச் சுற்றி வைத்தார், தெர்மாமீட்டரையும் அவரே பார்த்தார். ஸ்டுடியோ நடந்த நாளில் டச்சிங் முழுக்க அந்த அம்மாவின் வேலை. நெகட்டிவின் மேல் கூர் சீவிய பென்சிலால் கன்னத்துக் குழியைச் சமன் செய்வது, பிரிண்டில் தூசி விழுந்த வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகை நுனியால் மூடுவது. இந்த வேலைக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு, "கண்ணு போனதுதான் மிச்சம்" என்றார். அவர் கணவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பிலிமும் பேப்பரும் அந்தக் காலத்தில் ஊட்டியிலிருந்து வந்தன. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு 1967-இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை ஆலை. இந்து ரோல் என்றால் எல்லா ஸ்டுடியோவிலும் தெரியும். இன்று அந்த ஆலை இல்லை. வெளிநாட்டு ரோல் வாங்கும் விலையில் பன்னிரண்டு படத்தில் ஒன்றைக்கூட வீணாக்க மனம் வராது. அப்படியும் இரண்டாவது ஒன்று எடுத்தாரே, அந்தக் கைக்காவல் செலவின் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது.

நெகட்டிவ் காய்ந்ததும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். 15 வினாடிப் படத்தில் இடுப்போரப் பள்ளம் மெலிந்திருந்தாலும் உளித்தடம் இருந்தது. தோள் அடர்ந்திருந்தது, அடைக்கவில்லை. 30 வினாடிப் படத்தில் பள்ளம் தெளிவு, ஆனால் மூலை இருட்டுக்கூடச் சாம்பல் பூத்திருந்தது. பிரிண்ட் போட முதலாவதைத்தான் எடுத்தார். "பாக்குறவங்க உள்ள போய் நின்ன மாதிரி இருக்கணும். லைட்டு போட்ட மாதிரி இருக்கக் கூடாது."

அவருடைய கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டிகளில் பழைய நெகட்டிவ்கள் கிடக்கின்றன. வெள்ளி பிரித்தெடுக்க எடைக்கு வாங்கும் ஆட்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். தெரிந்த சில கடைக்காரர்கள் கொடுத்தும் விட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் கோயில் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைக் கணினியில் ஏற்றிக் காக்கும் வேலையையும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. அங்கே எழுதிக் கேட்கலாம் என்று சொன்னேன். படத்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை, எந்த ஊர், எந்த வீடு, எத்தனை எண்ணு என்பதும் கூடவே போக வேண்டும் என்றார். உறைகளில் தேதி மட்டும்தான் இருக்கிறது. மீதி அவர் ஞாபகத்தில். அந்த அம்மா ஒவ்வொரு நெகட்டிவாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். கணவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் பெட்டி இன்னும் முடியவில்லை.