கூடத்தில் ஒரு விமானம்

பிளஸ் டூ எழுதிய என் மகன், கூடத்தை அடைத்துக்கொண்டு விமானம் கட்டுகிறான். ரேடியோ கருவியால் ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடிக்க வைக்கும் பெரிய மாடல். பெட்டியில் வந்த பால்சா மரத்துண்டுகளை ஒட்ட ஒட்ட, எங்கள் தூத்துக்குடி வள்ளத்தின் விலாவைப் போல இறக்கை எழும்புகிறது!

ஒருநாள், "எம்மா, விரல் ஒட்டிக்கிட்டு!" என்று அலறினான். நொடியில் ஒட்டும் பசை. பிய்த்தால் தோலும் கூடவே வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லப் பிரித்தேன்.

சகோதரிகளே, இந்தப் பசை சிந்தினால் முந்தானையால் துடைத்துவிடாதீர்கள். பருத்தித் துணியில் பட்டால் சூடேறிச் சுட்டுவிடும். ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும். மரத்தூளுக்கு முகக்கவசம் அவசியம்.

வாகைக்குளத்தில் விமான நிலையம், இந்தப் பக்கம் துறைமுகம். நினைத்த இடத்தில் பறக்கவிட முடியுமா? 2021 டிரோன் விதிகளைப் படித்து, தோதான வெட்டவெளியைத் தேடுகிறான்.

சோறு ஐந்து நிமிடம் தாமதமானால் கத்துகிற பிள்ளை, ஒரு மரத்துண்டை அளந்து, தேய்த்து, மறுபடி அளக்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.