சமபக்க முக்கோணமும் அப்பாவின் வலது காதும்

புனே வந்து 6 வருஷம் கழித்து, போன மழைக்காலத்தில்தான் ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் வாங்க வாய்த்தது. டெலிவரிக்கு வந்த பையன் டிவி ஷோகேஸின் மேல்தட்டில், சுவரோடு ஒட்டி, அருகருகே வைத்துவிட்டுப் போனான். பார்க்க லட்சணம். கேட்டால் தொம் தொம் என்று முழக்கம். பாடுகிறவர் பானைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி.

சுவரை ஒட்டினால், அதுவும் மூலையில், அடித்தொனி தூக்கலாகிவிடும். போதாததற்கு எங்கள் ஹால் 10 அடி அகலம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 10 அடி இடைவெளிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அதிர்வு தங்கும். லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வாங்கினாலும் இது விடாது. இடம் மாற்றினால் அடங்கும்.

மாற்றினோம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இரண்டு ஸ்டூல். ஸ்பீக்கர்களுக்கு நடுவே 6 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் நாற்காலிக்கு 6 அடி. ட்வீட்டர் காது உயரத்தில். அடுத்து கண்ணாடி வித்தை: நான் நாற்காலியில் உட்கார, தங்கமணி பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி பட்டுத் திரும்புகிறது. அங்கே புத்தக அலமாரி. டைல்ஸ் தரையில் பவானி ஜமக்காளம். (மெல்லிசுதான், வெறும் தரைக்குத் தேவலை.)

ஆலன் பிளம்லைன் 1931-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ அன்றைக்குத்தான் என் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. பாடகர் நட்ட நடுவே, பெட்டியே இல்லாத இடத்தில் நின்று பாடினார்!

ஆனால் வாங்கியது எனக்காக இல்லை. அம்மா போனபின் அப்பா எங்களோடு இருக்கிறார். இந்தி, மராத்தி இரண்டும் தெரியாது. பாட்டுதான் துணை. சின்ன வயதிலேயே இடது காது போய்விட்டது. ஹெட்போன் மாட்டினால் இடப்பக்க வயலின் அவருக்குக் கிடையாது. போனில் மோனோ செட்டிங் போட்டுக் கொடுத்தேன். பாட்டு முழுசாக வந்தது, ஆனால் நாங்கள் கூப்பிடுவது கேட்காமல் போனது. சத்தமாக வைத்தால் கீழ்வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

ஒற்றைக் காதுக்கு அந்த நடுப் பாடகர் தெரியமாட்டார். முக்கோணத்தால் அவருக்குப் பயனில்லை. அவருக்கு வேண்டியது, சுவரில் பட்டுக் குழம்பாமல் நேராக வரும் ஒலி. நாற்காலியை 2 அடி முன்னால் இழுத்து, இடப்பக்கம் திருப்பிப் போட்டோம். முகம் பால்கனியைப் பார்க்கும், வலது காது பாட்டைப் பார்க்கும். ஹாலுக்கு வருகிறவர்கள் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள், ஹி ஹி.

"இந்தப் பாட்டுல புல்லாங்குழல் இருந்துச்சாடா?" என்றார் அப்பா. நாற்பது வருஷமாகக் கேட்கிற பாட்டு.

பத்து நிமிஷம் கழித்து உள்ளே குரல் கொடுத்தார்: "சத்தத்தக் கொஞ்சம் கொறைம்மா."

11 மாத அக்ரிமென்ட் ஏப்ரலில் முடிகிறது. அடுத்து பார்க்கும் வீட்டுக்கு டேப்போடுதான் போகப்போகிறேன். புரோக்கர் என்ன நினைத்தாலும் சரி.