வழுவா, வழுவமைதியா?

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கூட்டத்தில் ஒருவர், "இது வெறும் பைக்‌ஷெட்டிங், விடுங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆபீசில் சைக்கிள் கொட்டில் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொறியியலில் முதுகலைப் பட்டம் வேறு!

கதை இதுதான். 1957இல் பார்க்கின்சன் என்பவர் ஒரு புத்தகம் எழுதினார். அதில் வரும் ஒரு குழு, அணு உலைக்குச் சில நிமிடங்களில் சரி சொல்லிவிடும். சைக்கிள் கொட்டிலைப் பற்றி மட்டும் நீண்ட நேரம் வாதாடும். அணு உலை யாருக்கும் விளங்காது, கொட்டில் எல்லோருக்கும் விளங்கும். 1999இல் பால்‑ஹென்னிங் காம்ப் என்ற நிரலாளர் எழுதிய மின்னஞ்சலால் இது எங்கள் துறையின் சொல்லாகிவிட்டது. நீங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தால் உடனே பிடிபடும். மண்டப வாடகை ஐந்து நிமிடத்தில் முடியும். டீ‑ஷர்ட்டின் நிறத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும்.

இரண்டாவது சொல்லுக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நிரல் இரவில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மூத்தவர் ஒருவர், "அது ஹைசன்பக்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை ஏதோ ஒரு மென்பொருளின் பெயர் என்று நினைத்து எங்கள் கோப்புகளுக்குள் இரண்டு நாள் தேடினேன். கேட்க வெட்கம். உண்மையில் அது, தேடப்போனால் மறைந்துவிடும் பிழை. என்ன நடக்கிறது என்று பார்க்க நாம் இரண்டு வரி சேர்த்தால் நிரலின் வேகம் சற்று மாறும், பிழையும் ஒளிந்துகொள்ளும். இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை வைத்து வந்த சொல். ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. "ஏன் முதல் நாளே கேட்கவில்லை?" என்றார் மேலாளர். என்னிடம் பதில் இல்லை.

அன்று லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி குட்மேய்ஸில் இறங்கும்வரை, வேலையை விட்டுவிடலாமா என்றுதான் யோசித்தேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் தமிழ் வாத்தியார். இங்கே பெட்ரோல் ஸ்டேஷனில் கல்லாவில் நின்றவர்.

"என்ன ராசா, முகம் வாடிக்கிடக்கு?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"வந்த புதுசில கடைக்கு வாற சனம் பகிடி விடுவினம். எனக்கு ஒண்டும் விளங்காது. சும்மா சிரிப்பன். ஒருநாள் ஒருத்தர் சொன்னது பகிடியே இல்லை. அவற்றை தாய் செத்துப்போச்சாம். நான் சிரிச்சிட்டன். அதுக்குப் பிறகு விளங்காட்டில் கேட்டிடுவன்."

இதை அவர் எனக்கு முன்பு சொன்னதே இல்லை.

பிறகு, "பக் எண்டால் என்ன?" என்று கேட்டார். விளக்கினேன். "அட, வழு!" என்றார். தமிழில் மென்பொருள் செய்பவர்கள் பலரும் அந்தச் சொல்லைத்தான் பாவிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது நன்னூல் இலக்கணம். பிழையாகப் பேசினால் வழு. பிழையில்லாமல் பேசினால் வழாநிலை. பிழைதான், ஆனால் காரணத்தோடு சொன்னதால் சரியென்று ஏற்றுக்கொண்டால் வழுவமைதி.

"மகளை ராசா எண்டு கூப்பிடுறது பால் வழு. ஆனா அன்பில கூப்பிடுறன். அப்ப அது வழுவமைதி."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இது பக் இல்லை, ஃபீச்சர்" என்பது எங்கள் துறையின் மிகப் பழைய பகிடி. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பல நூறு வருடங்களுக்கு முன்பே அதற்கு விதி எழுதி வைத்துவிட்டார்!

போன மாதம் எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். யாரோ "பைக்‌ஷெட்டிங்" என்றார்கள். எல்லோரும் சிரித்து அரை வினாடி கழித்து அவளும் சிரித்தாள். எனக்கு அந்த அரை வினாடி நன்றாகத் தெரியும். கூட்டம் முடிந்ததும் அவளைத் தேநீருக்குக் கூட்டிப்போய் கொட்டில் கதையைச் சொன்னேன்.

அப்பா இப்போதும் பின்னேரங்களில் செய்தி அனுப்புவார்: "இண்டைக்கு வழுவா, வழுவமைதியா?"

பெரும்பாலும் வழுதான், அப்பா.