தங்கவயலில் தேடிய தேதிகள்

பெங்களூரிலிருந்து கிழக்கே செல்லும் இருப்புப்பாதை பங்காருப்பேட்டையில் ஒரு கிளை விடுகிறது. பழைய கடிதங்களில் அந்த ஊரைப் பௌரிங்பேட்டை என்று காணலாம். 1894ஆம் ஆண்டில் போடப்பட்ட அக்கிளைப்பாதை கோரமண்டல், ஊரகம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் செல்ல வழியில்லை. செல்லவேண்டிய தேவையும் நம் முன்னோர்க்கு இருக்கவில்லை. வடஆற்காட்டுச் சீமையிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு உலகம் அங்கேதான் தொடங்கியது.

சென்ற மாதம் தகப்பனாரும் அத்தையும் உடன்வர நாங்கள் கோலார் தங்கவயலுக்குச் சென்றிருந்தோம். ஊரைக் காணவேண்டும் என்னும் ஆவல் ஒருபுறமிருக்க, எங்கள் வமிசாவளியை எழுதி முடிக்கும் வேலையும் இருந்தது. சிற்றப்பா மகன் அதை அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டு உறவினர் வீடுகளுக்குக் கொடுக்க முனைந்திருக்கிறான். நல்ல எண்ணமே. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் கீழே நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருந்தால்தான் பார்வைக்கு அழகு என்பது அவன் கட்சி. அச்சேறிவிட்ட தேதியை அடுத்த தலைமுறை கேள்வி கேட்காது என்பது எங்கள் அச்சம்.

பாட்டனார் இரயில்வேயில் ஊழியம் பார்த்தவர். அவருடைய ஊழியப் பதிவேட்டில் பிறந்த தேதி 1930 ஜூலை 1 என்றிருக்கிறது. இதைக் கண்டதும் தம்பிக்கு மகிழ்ச்சி. இரயில்வே குமாஸ்தாவாகிய எங்களுக்கோ அந்த ஜூலை முதல் தேதி பழைய நண்பன். பிறந்த ஆண்டு தெரிந்து நாள் தெரியாதவர்க்கு ஜூலை 1 என்றும், மாதமும் தெரிந்து நாள் மட்டும் தெரியாதவர்க்கு அம்மாதத்தின் 16ஆம் தேதி என்றும் கொள்ளவேண்டும் என்பது இலாகா விதி. ஓய்வு பெறும் நாளைக் கணக்கிட ஏதேனும் ஒரு நாள் வேண்டுமல்லவா! ஆகவே அப்பதிவு கூறுவது ஆண்டை மாத்திரமே. அந்த ஆண்டுக்கு அத்தையிடமே சாட்சி கிடைத்தது. "கைரேகை வேண்டாமென்று வேலையை நிறுத்தினார்களே, அந்த வருஷத்துப் பிள்ளை அப்பா" என்றார். சுரங்கத் தொழிலாளரின் கைரேகையைக் கட்டாயமாகப் பதியும் ஏற்பாட்டை எதிர்த்துத் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது 1930ஆம் ஆண்டில்தான். எனவே "1930, நாள் தெரியாது" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

பூட்டனார் பிறந்தது "சுரங்கத்துக்கு விளக்கு வந்த வருஷம்" என்பது வீட்டு வழக்கு. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902ஆம் ஆண்டில். ஆனால் பாட்டிமார் வாயில் 'அந்த வருஷம்' என்பது முன்னே பின்னே ஓராண்டு நகரக்கூடியது. அதனால் அங்கே 'சுமார்' என்னும் சொல்லைச் சேர்த்தோம்.

ஓட்டனார் கதைதான் வழக்குக்குரியது. அவர் "தாது வருஷப் பஞ்சத்தில் சுரங்கத்துக்கு வந்தவர்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். தாது வருஷம் 1876-77. பஞ்சம் 1878 வரை நீடித்தது. ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே கால் வைத்ததோ 1880ஆம் ஆண்டில். பஞ்சத்தில் ஊரை விட்டதும் சுரங்கத்தில் சேர்ந்ததும் இரு வேறு நிகழ்ச்சிகள். இடையிலே சில ஆண்டுகள் எங்கெங்கோ கழிந்திருக்கின்றன. சொல்லிச் சொல்லி அவ்வாண்டுகள் தேய்ந்து மறைந்துவிட்டன.

அவருடைய கல்லறையை மாரிகுப்பத்துக்கருகில் கண்டோம். சயனைடு மேடு எனப்படும் சாம்பல்நிறக் கழிவுமண் குன்று வெயிலில் வெளுத்து நின்றது. முட்செடிகளை விலக்கி, கல்லை நீரால் கழுவி, எழுத்துப் பள்ளங்களில் விரல்வைத்துத் தடவியபோது "காளயுக்தி வருஷம் ஐப்பசி" என்பதுவரை தெரிந்தது. தேதி உதிர்ந்துபோயிருந்தது. அதன் கீழே "வயது 50" என்பது தெளிவாக இருந்தது.

தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவன. காளயுக்தி 1858-59இலும், 1918-19இலும், 1978-79இலும் வந்தது. முதலாவதில் இங்கே சுரங்கமே இல்லை. கடைசியில் அவர் பேரனுக்கே நாற்பத்தெட்டு வயது. ஆக 1918தான். இன்னொரு கவனமும் தேவை. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் மார்கழியின் பிற்பாதி முதல் பங்குனி முடிய உள்ள நாட்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஐப்பசியில் அச்சிக்கல் இல்லை. 1918 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை என்று எழுதிவிடலாம். இன்ஃபுளுயென்சா நாடெங்கும் பல்லாயிரவரை வாரிக்கொண்டு போன காலம் அது. "சுரத்தில் மூன்றே நாளில் போனார்" என்னும் வீட்டுப் பேச்சுக்கு அக்கல் துணை நிற்கிறது. வயது ஐம்பது என்பது ஒருவாறு சரியானால் 1868ஐ ஒட்டிப் பிறந்தவர். பஞ்சத்தில் ஊரை விட்டபோது எட்டு வயதுப் பையன். இதுவரை எங்கள் வீட்டில் அவரைப் பஞ்சத்திலே மண்வெட்டி தூக்கிய வாலிபராகவே எண்ணியிருந்தார்கள். தகப்பனார் அக்கல்லின்மேல் கைவைத்தபடி வெகுநேரம் பேசவில்லை.

அவர் மனைவிக்குக் கல் இல்லை. பக்கத்தில் எங்கோ என்றார் அத்தை; இடம் காட்ட இயலவில்லை. பெயர் மட்டும் உண்டு. "தேதி இல்லாத பெயரை விட்டுவிடலாம் அண்ணா" என்று தம்பி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டா, களி கிண்டிப் போட்டு மூன்று தலைமுறையை வளர்த்தவளுக்கு ஒரு வருஷம்கூடக் கிடையாதா?"

மாலையில் லைன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அத்தையை மெல்ல மெல்ல விசாரித்தோம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பின்னும் பலர் அந்த வரிசை வீடுகளிலேயே இருந்துகொண்டு, விடியுமுன் பெங்களூர் வண்டி பிடித்து வேலைக்குப் போய் வருகிறார்கள். அவர்கள் திரும்பும் நேரம், தெருவில் கலகலப்பு. அத்தை சொன்னதாவது: பெரியப்பாவைத் தொட்டிலில் இட்டபோது கிழவிதான் முதலில் ஆட்டினாளாம், தாம் பிறந்தபோது கிழவி இல்லையாம். பெரியப்பா பிறந்தது 1949 நவம்பரில், அத்தை 1952 மேயில். இரண்டுக்கும் சான்றிதழ் இருக்கிறது. ஆகவே மறைவு "1949 நவம்பருக்குப் பின், 1952 மேக்கு முன்" என்று எழுதிப் படித்துக் காட்டினோம். அத்தை இருமுறை படிக்கச் சொன்னார்.

அந்த இரண்டரை ஆண்டுகளுக்குரிய இறப்புப் பதிவைத் தேடித்தருமாறு உள்ளூர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். தம்பியும் அச்சுவேலையை நிறுத்திவைக்கச் சம்மதித்துவிட்டான். குறிப்பேட்டில் மற்றவற்றை மையால் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கல்லா, பதிவேடா, வாய்மொழியா என்று குறித்திருக்கிறோம். கிழவியின் வரி மட்டும் இப்போதைக்குப் பென்சிலில் இருக்கிறது.