உப்பளக் கரையும் நம் வீட்டு நூலடுக்கும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கியதும் சாலையோரம் பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரையும், வரப்புகளில் குவிந்து கிடக்கும் உப்பையும் காண்பர். ஊர்தியின் வேகத்தில் அக்காட்சி சில நிமிடங்களில் மறைந்துவிடும். அந்தப் பெண்கள் தலையில் என்ன சுமக்கிறார்கள் என்று பிள்ளை கேட்டால், "உப்பு" என்ற ஒரு சொல்லோடு பெற்றோர் விடையை முடித்துக்கொள்வர். அதற்கு மேல் சொல்வதற்கு அவர்களிடமும் ஒன்றும் இருப்பதில்லை.

நாம் இக்கரையிலேயே வாழ்பவர்கள். நம் இல்லங்களின் நூலடுக்கில் திருக்குர்ஆன் தர்ஜமா இருக்கும், நபிமார் வரலாறு இருக்கும், பிள்ளைகளின் பாடநூல்கள் இருக்கும். இவற்றுக்கு அப்பால், நாம் வாழும் மண்ணையும் மனிதரையும் பற்றிய நூல் ஒன்றேனும் இருக்கிறதா என்று நோக்கினால், பெரும்பாலான வீடுகளில் இராது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பெருநாள் காசில் ஒரு பகுதியை நூலுக்கென ஒதுக்கும் வழக்கத்தைச் சில ஆண்டுகளாக நாம் கைக்கொண்டுள்ளோம். அவ்வகையில் வாங்கியவற்றுள் சிலவற்றைப் பற்றியே ஈண்டு எழுதுகிறோம். அனைத்தும் இவ்வாண்டு வெளிவந்தவை அல்ல. எனினும் நம்மில் பலருக்கு அவை புதியனவே.

முதலாவது, ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'உப்பிட்டவரை'. தமிழ்ப் பண்பாட்டில் உப்புக்கு உள்ள இடத்தை ஆராயும் இந்நூலைக் காலச்சுவடு வெளியிட்டுள்ளது. ஆசிரியர் தூத்துக்குடிக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர். நாள்தோறும் உலையில் இடும் ஒரு பிடி உப்புக்குப் பின்னால் இத்தனை வரலாறா என்று வியக்க வைக்கும் நூல் இது. சங்க காலத்தில் வண்டி வண்டியாக உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணர் பற்றி நாம் பள்ளியில் படித்ததுண்டு. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், நம் கண்முன் நிகழும் தொழிலின் வயது என்ன என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இந்நூல் நம் வீட்டில் ஏன் உரக்க வாசிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பேத்தியின் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் உப்பளத்தில் வேலை செய்பவர். பெற்றோரின் தொழிலை எழுதச் சொன்ன படிவத்தில் அச்சிறுமி 'கூலி' என்று மட்டும் எழுதினாளாம். "உப்பு எடுக்கிறார்கள் என்று எழுதினால் என்ன?" என்று பேத்தி நம்மிடம் கேட்டாள். அக்கேள்வி பல நாள் நம்மை விடவில்லை.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவைத்து, உப்பு விளையும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்பதத்தைக் கடந்தால் மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சும். அதை உரிய வேளையில் வெளியேற்றாவிட்டால் உப்பும் கசக்கும். கருவி கொண்டு அளக்க வேண்டிய இந்தப் பதத்தை நீரின் நிறம் கண்டே சொல்லிவிடுவோர் இங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. இத்தனை அறிவும் இத்தனை இடரும் கொண்ட ஒரு தொழில், படிவத்தில் 'கூலி' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது!

இரண்டாவது, ப. ஜெகநாதனும் ஆசையும் இணைந்து எழுதி, க்ரியா 2013இல் வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேடு. வண்ணப் படங்களுடன் கையடக்கமாக அமைந்தது. உப்பளத்தை அடுத்துள்ள கழுவெளியைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது; 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு அது. தொலைதூர நாடுகளிலிருந்து பறவைகள் இங்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நம் பிள்ளைகளோ விடுமுறை வந்தால் எங்கே சுற்றுலா என்று கேட்கின்றனர். கையேட்டுடன் ஒரு காலைப் பொழுது வரப்போரம் நின்றால் போதும். சிவந்த நெடுங்கால்களுடன் உப்புநீரில் நடக்கும் பவளக்கால் உள்ளானைக் காட்ட ஆசிரியர் எவரும் வேண்டியதில்லை.

குழந்தை வளர்ப்பு நூல்களைப் பொறுத்தவரை நமக்கு மனக்குறை உண்டு. கடைகளில் அப்பெயரில் அடுக்கி வைக்கப்படுபவற்றுள் பல, மதிப்பெண் பெறும் வழியை மட்டுமே பேசுகின்றன. நெஞ்சைத் தொட்டவை வேற்று மொழிகளிலிருந்து வந்தவை: கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு', ஜப்பானியச் சிறுமி டோட்டோ-சானின் கதை. ஆனால் நாம் கண்ட மிகச் சிறந்த குழந்தை வளர்ப்பு நூல் அந்த அடுக்கில் இல்லை. அது பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1985இல் வெளியிட்ட தன்வரலாறு. தமிழிலும் அது கிடைக்கிறது.

மிக இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த யத்தீம் அவர். மாமா அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவன் தன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான்; அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. முஸ்லிம் ஒருவர் அதை உண்ணலாமா என்ற ஐயம் எழவே, மாமாவிடம் எடுத்துச் சென்றான். அவருக்கும் அது இன்ன பறவை என்று தெரியவில்லை. "போய்ப் பாடத்தைப் படி" என்று அவர் விரட்டியிருக்கலாம். மாறாக, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். 1908இல் நடந்தது இது. இந்திய நாட்டின் பறவை ஆராய்ச்சிக்கு அக்கடிதம் எத்தகைய கொடையாயிற்று என்பதை நாடறியும். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் பிள்ளையை அனுப்பிவைத்த அம்மாமாவை நம் குடும்பத்தார் நினைவில் வைக்கலாம்.

பறவைக் கையேடு இப்போது நம் வீட்டில் இல்லை. பேத்தியின் அந்தத் தோழி இரவல் பெற்றுச் சென்று இரண்டு மாதமாகிறது. சென்ற வாரம் வழியில் கண்டபோது, உப்பளத்தில் தன் தாயார் வழங்கும் பறவைப் பெயர்கள் சில கையேட்டில் காணப்படவில்லை என்றும், படங்களின் ஓரத்தில் அவற்றைப் பென்சிலால் எழுதி வருவதாகவும், இன்னும் ஏழெட்டுப் பெயர்கள் பாக்கி இருப்பதாகவும் கூறினாள். எழுதி முடித்த பின் தந்தால் போதும் என்று சொல்லி வந்தோம்.