டிக்கெட் அடிக்கும் ஊரிலிருந்து டிக்கெட் தேடி ஒரு பயணம்!

சிவகாசி என்றதும் முதலில் பட்டாசு ஞாபகத்துக்கு வரும். அடுத்து தீப்பெட்டி. மூன்றாவதாகத் தினசரி காலண்டர். ஆனால், இந்த ஊர் அச்சகங்களில் சத்தமில்லாமல் இன்னொன்றும் அச்சாகிறது. அதுதான் டிக்கெட்!

பொருட்காட்சி, சர்க்கஸ், திருவிழாக் குலுக்கல் என எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். சீட்டில் வரிசை எண் அடிக்க வேண்டும். கிழிப்பதற்கு வசதியாக நடுவில் புள்ளி ஓட்டை போட வேண்டும். பிறகு, நூறு நூறாகக் கட்ட வேண்டும். ஒருகாலத்தில் லாட்டரிச் சீட்டுகளும் இங்கே அச்சாகின. 2003-ல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்ததோடு அந்த வேலை குறைந்துபோனது.

ஊருக்கெல்லாம் டிக்கெட் அடித்துக் கொடுக்கும் சிவகாசிக்காரர், ஒரு சர்வதேசப் போட்டியை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் டிக்கெட் கிடைக்குமா?

குலுக்கலும் க்யூவும்

ரக்பியை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்கள் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவில் 2027 அக்டோபர் 1-ம் தேதி பெர்த் நகரில் தொடங்கி, நவம்பர் 13-ம் தேதி சிட்னியில் முடிகிறது. மொத்தம் 24 அணிகள். இவ்வளவு பெரிய போட்டிகளுக்குக் கவுன்ட்டரில் போய் நின்றால் சீட்டு கிடைக்காது. குறிப்பிட்ட தேதிக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இருக்கையைவிட ஆசைப்படுபவர்கள் அதிகமாக இருந்தால் குலுக்கல்தான். இங்கிலாந்து போன்ற நாடுகளில் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டுகளில் கணிசமான பங்கு, உள்ளூர் ரக்பி க்ளப்புகள் வழியாக உறுப்பினர்களுக்கே போய்விடுகிறது.

நம்மூர் கிரிக்கெட்டும் சளைத்ததல்ல. 2023 அக்டோபர் 8-ம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது. அந்தத் தொடருக்கான டிக்கெட் விற்பனையின்போது, செல்போன் திரையில் 'காத்திருக்கவும்' என்ற வரியையே மணிக்கணக்கில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். விடிய விடிய மைதான வாசலில் படுத்துக்கிடந்த க்யூ, இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மதுரைக்கே வந்த உலகக் கோப்பை

இந்த நிலையில்தான் 2025 நவம்பர் 28-ம் தேதி, ஆண்களுக்கான ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை தமிழ்நாட்டில் தொடங்கியது. இதிலும் 24 அணிகள். சென்னையிலும் மதுரையிலும் ஆட்டங்கள். அதற்காகவே மதுரை ரேஸ்கோர்ஸ் பகுதியில் புதிய ஹாக்கி மைதானம் தயாரானது. எல்லாவற்றையும்விட இனிப்பான செய்தி, அனுமதி இலவசம்! டிக்கெட்ஜீனி இணையதளத்திலோ, ஹாக்கி இந்தியா செயலியிலோ பதிவு செய்தால் போதும். டிக்கெட் செல்போனுக்கே வந்துவிடும்.

சிவகாசி வட்டாரத்துக்கு ஹாக்கி அந்நியமான விளையாட்டும் அல்ல. சாத்தூரைத் தாண்டினால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்த ஊர், ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. செயற்கைப் புல் மைதானம் உள்ள ஊர். அந்த ஊர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேல், 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியிருக்கிறார்.

சிவகாசியிலிருந்து மதுரைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் திருத்தங்கல் வரைக்கும் அச்சகப் பலகைகளும் பட்டாசுக் கடைகளும் கூடவே வரும். அதன்பிறகு வெள்ளை வெயிலில் கரிசல் காடும் கருவேல மரங்களும்தான். விருதுநகரில் இறங்கினால் எண்ணெய்ப் பரோட்டாவை விட்டுவிட்டுப் போக மனம் வராது. அங்கிருந்து நான்குவழிச் சாலையில் திருமங்கலம், அடுத்து மதுரை. ரயிலில் போகிறவர்களுக்கு, சென்னைக்குச் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியில் நின்று மதுரை வழியாகத்தான் போகிறது.

டிக்கெட் இலவசம், தூரமும் குறைவு. அப்படியானால் எல்லோரும் போய்விட முடியுமா?

உண்மையான விலை

நவம்பர் கடைசி என்பது அச்சகங்களில் மூச்சுவிட நேரமில்லாத காலம். ஜனவரி 1-ம் தேதிக்கு முன்பு காலண்டர்கள் கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தாள் ஒட்டுகிறவர், தகரம் அடிக்கிறவர், கட்டுக் கட்டுகிறவர் என எல்லோருக்கும் வருமானம் வருவது அப்போதுதான். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு.

பட்டாசுத் தொழிலாளர்களின் கதை நேர் எதிர். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்களுக்கு மூடப்படும். பூஜை போட்டு மறுபடியும் திறக்கும் வரை அவர்களுக்கு நேரம் இருக்கும். ஆனால், கையில் காசு இருக்காது. டிக்கெட் இலவசம்தான். குடும்பத்தில் நான்கு பேர் போய்வர பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் இலவசமில்லையே!

மதுரையில் நவம்பர் 29-ம் தேதி ஓமனை 17-0 என்றும், டிசம்பர் 2-ம் தேதி ஸ்விட்சர்லாந்தை 5-0 என்றும் இந்தியா வென்றது. இரண்டுமே இரவு ஆட்டங்கள். ஆட்டம் முடிந்து பஸ் பிடித்து சிவகாசி வந்துசேர நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தூக்கமும் ஒரு விலைதான்.

டிசம்பர் 10-ம் தேதி சென்னையில் நடந்த இறுதிப்போட்டியில் ஸ்பெயினை வீழ்த்தி ஜெர்மனி கோப்பையை வென்றது. அதே நாளில் அர்ஜென்டினாவை 4-2 என வென்று இந்தியா வெண்கலம் பெற்றது.

அடுத்த முறை போகிறீர்களா?

மைதானத்தைக் கட்டியாகிவிட்டது. இன்னொரு போட்டி வந்தால், போட்டி நடத்துபவர்கள் சொல்லும் இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். இலவச டிக்கெட்டுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் நெட் கிடைக்காமல் போகலாம். ஊர் திரும்பும் பஸ் நேரத்தைக் கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். வீட்டில் செல்போன் இல்லாத தாத்தாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேர்த்துப் பதிவு செய்ய முடிந்தால் செய்து கொடுங்கள்.

போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஓர் ஆட்டம் வையுங்கள். ஊருக்கெல்லாம் டிக்கெட் அடித்துக் கொடுத்த கைகளும் அன்றைக்கு கேலரியில் உட்கார்ந்து தட்டட்டும்!